தருமபுரிப் பக்கம் இருந்துகொண்டே தனியாளாக கேம் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

தகடூர்_தம்பி | ஞாயிறு மாலை 5:10

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வயது 24. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு மாம்பழக் கூழ் தொழிற்சாலை ஒன்றில் பில் போடும் வேலை பார்க்கிறேன். மாங்காய் வரத்து உள்ள மாதங்களில் இரவு பகல் தெரியாது. மற்ற மாதங்களில் மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

சின்ன வயதிலிருந்தே கேம் செய்ய ஆசை. அதியமானை வைத்து ஒரு பெரிய கேம் மனதில் இருக்கிறது. தகடூர் கோட்டை, குதிரைப்படை, நெல்லிக்கனி தேடி மலையேறுவது, ஔவையார் தொண்டைமானிடம் தூது போவது எல்லாம் வரும். எட்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். மலை வந்துவிட்டது, மரம் வந்துவிட்டது, குதிரை நடக்கிறது. ஓட வைத்தால் மட்டும் அதன் கால் தரைக்குள் புதைகிறது. இதுவரை விளையாட என்று அதில் ஒன்றும் இல்லை.

இதற்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் 45,000 ரூபாய் கட்டிப் படித்தேன். மூன்று மாதமும் எந்த பட்டன் எதற்கு என்று காட்டினார்களே தவிர, ஒரு கேமையும் முழுதாகச் செய்ய வைக்கவில்லை. அந்தப் பணம் அப்பா புளி விற்ற பணம். அதனால்தான் இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டு அடியெடுத்து வைக்க நினைக்கிறேன்.

லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கேம் செய்யும் மென்பொருளான இன்ஜின்களில் எதை எடுப்பது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? பெங்களூரு போனால்தான் நடக்குமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

ஓசூர்_இரவுப்பணி | ஞாயிறு இரவு 9:35

தம்பி, பெங்களூரில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் ஆறு வருடம் கோடிங் பார்த்தேன். இப்போது ஓசூரில் வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்கிறேன். நீ எழுதியதைப் படித்ததும் என் முதல் இரண்டு வருடம் ஞாபகத்துக்கு வந்தது.

குதிரையின் கால் தரையில் புதைவது உன் தவறு இல்லை. நான் இருந்த இடத்தில் ஒரு மிருகம் நடப்பது, ஓடுவது, நிற்பது இந்த மூன்றுக்கு மட்டும் இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். நீ ஒருவனாக மலை, கோட்டை, படை, கதை எல்லாவற்றையும் தூக்கப் பார்க்கிறாய். அதியமானை இப்போதைக்குப் பரணில் எடுத்து வை. தூக்கிப் போடச் சொல்லவில்லை. மூன்று கேம் முடித்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது ஆடுபுலி ஆட்டம் செய். மனதாரச் சொல்கிறேன். ஊர்க் கோயில் திண்ணைக் கல்லில் கோடு கீறி ஆடுவார்களே, அதேதான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதனால் எது சுவாரசியம் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேமுக்கு வேண்டிய எல்லா உறுப்பும் அதில் இருக்கிறது. தொடக்கத் திரை வேண்டும், யார் முறை என்று காட்ட வேண்டும், தவறான நகர்த்தலைத் தடுக்க வேண்டும், வெற்றி தோல்வி, சத்தம், திரும்ப ஆடுவது, பாதியில் போன் அழைப்பு வந்தால் ஆட்டத்தைச் சேமித்து வைப்பது எல்லாம் வேண்டும். பயிற்சி வீடியோக்களில் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள், இதையெல்லாம் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். பாதியில் நின்றுபோகும் கேம்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

எப்படி எழுதுவது என்றும் சொல்கிறேன். 23 புள்ளிக்கும் எண் கொடு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தெந்த எண்ணுக்குப் போகலாம் என்று ஒரு அட்டவணை எழுது. தாண்டலுக்குத் தனியாக இன்னொரு அட்டவணை. நேர்கோட்டில் வரும் மும்மூன்று புள்ளிகளாக எழுதிவிடு. முதலில் புலி, நடுவில் ஆடு, மூன்றாவது காலி என்றால் தாண்டலாம். இதைக் கணினியில் எழுதும் முன் தாளில் பென்சிலால் எழுது. எதிராளியாகக் கணினி ஆட வேண்டுமென்றால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு நகரும் புலியை எழுது. அப்புறம் வெட்ட ஆடு இருந்தால் வெட்டும் புலியை எழுது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஆட்டத்துக்கு உயிர் வருவதை நீயே பார்ப்பாய்.

உன் லேப்டாப்புக்கு கோடாட் எடுத்துக்கொள். நிறுவக்கூட வேண்டாம், இறக்கிய கோப்பைத் திறந்தால் போதும். அர்ஜென்டினாவில் இரண்டு பேர் தொடங்கி 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இன்ஜின் அது. எம்ஐடி உரிமம், அதனால் நீ கோடி ரூபாய் சம்பாதித்தாலும் யாருக்கும் பங்கு கிடையாது. புது புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (படத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி) எது என்று கேட்கும், அதில் கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடு. பழைய மெஷினும் மூச்சு வாங்காது. அன்ரியல் என்ற இன்னொரு இன்ஜின் உன் லேப்டாப்பில் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதில் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் 5 சதவீதம் கொடுக்க வேண்டும். ஆனால் உனக்கு இப்போது பிரச்சினை அந்த 5 சதவீதம் இல்லை, எடைதான்.

நெடுஞ்சாலை44 | ஞாயிறு இரவு 10:20

இரவுப்பணி சொன்ன இன்ஜின் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இந்தத் தம்பி நாளைக்கு பெங்களூரில் வேலை தேடினால் அங்கே யூனிட்டி இன்ஜின் தெரியுமா, அதில் நிரல் எழுதும் சி ஷார்ப் மொழி தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதைக் கற்றால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

ஓசூர்_இரவுப்பணி | ஞாயிறு இரவு 10:48

வேலைதான் குறி என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2023 செப்டம்பரை நான் மறக்கவில்லை. ஒவ்வொருவர் கேமை நிறுவும்போதும் கட்டணம் என்று யூனிட்டிக்காரர்கள் அறிவித்தார்கள். பாதி முடித்த புராஜெக்ட்டை வைத்துக்கொண்டு அன்று இரவு தூங்காதவர்களில் நானும் ஒருவன். சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், அதை மொத்தமாக ரத்து செய்தார்கள். இன்று அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் தனியாகச் செய்பவனின் காலுக்குக் கீழே இருக்கும் தரை அவனுடையதாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி சொந்தமாகச் செய்வதைப் பற்றித்தானே கேட்டிருக்கிறான்?

தகடூர்_தம்பி | திங்கள் காலை 7:05

ஆமாம் அண்ணா, சொந்தமாகத்தான். ஆடுபுலி என்றதும் கொஞ்சம் மனசு சுருங்கியது, மறைக்கவில்லை. எட்டு மாதம் குதிரையோடு இருந்துவிட்டேன். ஆனால் என் பாட்டி நன்றாக ஆடுவாள். நேற்று இரவு தாளில் 23 புள்ளியும் வரைந்துவிட்டேன்.

பரிசல்துறை | திங்கள் பகல் 1:30

மனசு சுருங்க வேண்டாம் தம்பி. சின்ன கேமிலும் தோண்டத் தோண்ட வரும். நான் செய்த ஒரே ஒரு கேமின் கதையைச் சொல்கிறேன்.

ஊர் பென்னாகரம். மாமா ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறார். அதனால் பரிசல் ஓட்டும் கேம் ஒன்று செய்தேன். பாறையில் மோதாமல் கரை சேர வேண்டும், அவ்வளவுதான். இடதுக்கு ஒரு பட்டன், வலதுக்கு ஒரு பட்டன். ஒரு மாதத்தில் முடித்து மாமாவிடம் போனைக் கொடுத்தேன். பரிசல் துறையில், ஆள் வராத நேரம். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, “இது ஆட்டோ மாதிரி திரும்புதுடா. பரிசல் திரும்பாது, சுத்தும். சுத்தறதை நாமதான் பிடிச்சு நிறுத்தணும்” என்றார். அப்படியே என் கையைப் பிடித்து துடுப்பைக் கொடுத்தார். நுனியில் உட்கார்ந்து, துடுப்பை முன்னால் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார்கள். ஒரு பக்கமாக இழுத்தால் பரிசல் வட்டமடிக்கிறது. வலமும் இடமுமாக வளைத்து இழுத்தால்தான் நேராகப் போகிறது. பத்தொன்பது வருடம் அதே ஊரில் இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பட்டனையும் எடுத்தேன். திரையில் விரலால் இழுப்பதுதான் துடுப்பு. ஒவ்வோர் இழுப்பும் பரிசலைக் கொஞ்சம் முன்னால் தள்ளும், கொஞ்சம் சுழற்றும். சுழலும் வேகத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் படம் மாறும் ஒவ்வொரு தடவையும்) ஓர் எண்ணால் பெருக்கிக் குறைக்க வேண்டும். 0.95 வைத்தால் சேற்றில் நின்ற மாதிரி இருந்தது. 0.99 வைத்தால் சுழன்றுகொண்டே இருந்தது. 0.98-க்கு வந்து சேர மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் புதிதாக ஒரு படம் வரையவில்லை, ஒரு லெவல் சேர்க்கவில்லை. ஆனால் மாமா மறுபடி வாங்கி ஆடியபோது பேசவே இல்லை. பயணி ஒருவர் வந்து கூப்பிடும்வரை ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக நான் செய்ததைத்தான் நீ கட்டாயம் செய்ய வேண்டும். பென்னாகரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன்களிடம் போனைக் கொடுத்து, “ஒரு கேம், ஆடிப் பாருங்க” என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. இதுதான் கஷ்டம். “அங்கே இழு, இங்கே தொடு” என்று நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவன் தன் வீட்டில் இறக்கி ஆடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப் போவதில்லை.

அன்று 11 பேர் ஆடினார்கள். 7 பேர் “தொடங்கு” என்ற எழுத்தைத் தொடவே இல்லை, மேலே இருந்த பரிசல் படத்தைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அன்று இரவே படத்தைத் தொட்டாலும் தொடங்கும்படி மாற்றினேன். போனை ஒரு கையில் பிடித்து அதே கைக் கட்டை விரலால் இழுத்ததால் வலப்பக்கப் பாறைகள் பலருக்கும் விரலுக்கு அடியில் மறைந்தன. பேருந்து நிலைய இரைச்சலில் போன் சத்தம் எடுபடவில்லை. பாறை வருகிறது என்பதை நான் சத்தத்தால் மட்டும் சொல்லியிருந்தேன், அது யாருக்கும் கேட்கவே இல்லை. தண்ணீரில் நுரையாகவும் காட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் யோசித்திருந்தாலும் இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

மாவிலை | திங்கள் மாலை 6:15

பரிசல்துறை எழுதியதை இரண்டு முறை படித்தேன். துடுப்பை வாங்கிப் போட்டுப் பார்த்த இடம் அருமை.

நான் கிருஷ்ணகிரி. பத்திரிகை, பிளெக்ஸ் டிசைன் வேலை செய்கிறேன், இரண்டு சின்ன கேம்களுக்குப் படம் வரைந்திருக்கிறேன். தம்பி, ஆட்டம் சரியாகும்வரை புலிக்கு ஒரு சிவப்பு வட்டம், ஆட்டுக்கு ஒரு வெள்ளை வட்டம் போதும். அழகாக வரைந்துவிட்டால் அப்புறம் விதியை மாற்ற மனசு வராது. வரைந்தது வீணாகிறதே என்று தவறான விதியை வைத்துக்கொண்டே போவோம்.

படம் போட வேண்டிய நேரம் வந்தால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய் நடுகற்களைப் பார். ஒரு பலகைக் கல், ஒரு வீரன், கையில் வாளோ வில்லோ, சிலவற்றில் பக்கத்தில் மாடுகள். ஆழம் இல்லை, நிழல் இல்லை, ஆனால் தூரத்திலிருந்தே யார் என்ன செய்கிறான் என்று தெரியும். ஆறு அங்குலத் திரையில் அப்படித்தான் தெரிய வேண்டும். உன் அதியமானுக்கும் பின்னால் உதவும். நிறங்களை எட்டுக்குள் வைத்துக்கொள். சாமந்தி மஞ்சள், செம்மண், ராகிக் களியின் நிறம், புளிய இலைப் பச்சை என்று நம் ஊரிலிருந்தே எடுக்கலாம்.

வரைய கிரீட்டா, இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். வரையத் தெரியாவிட்டால் கென்னி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன, சிசி0 உரிமம், விற்கும் கேமிலும் போடலாம். கூகுளில் தேடி வந்த படத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதே.

இன்னொன்று. யாரிடமாவது படம் வரைந்து வாங்கினால் முன்பணம் கொடு, என்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று நாலு வரியில் எழுதிக்கொள். நான் வரைந்த முதல் கேமுக்கு லாபத்தில் பங்கு என்று வாயால் சொன்னார்கள். 60 படம் கொடுத்தேன். கேம் வெளியாகவே இல்லை, எனக்கு வண்டிச் செலவுகூட வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, முடிக்க முடியாத அளவு பெரிதாகத் தொடங்கியிருந்தார்கள்.

எழுத்தாணி | திங்கள் இரவு 8:50

தமிழில் எழுத்துகள் வரப்போகின்றன என்றால் இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடு. அரூரில் இருந்து ஒரு சொல் விளையாட்டு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

“கொம்பு” என்று எழுதினால் திரையில் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் வர வேண்டும். ஆனால் கணினியின் நினைவில் இருப்பது முதலில் க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி. இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி வேலை நடக்க வேண்டும், ஷேப்பிங் என்பார்கள். 2023 மார்ச்சில் வந்த கோடாட் 4 இதை உள்ளேயே செய்கிறது. பழைய 3-இல் அது இல்லை, கொம்பு இடம் மாறி நின்றுவிடும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பெரும்பாலும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவும் தானாகச் செய்யாது, தனியாக ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.

எழுத்தை எண்ணும் இடத்திலும் வழுக்கும். “தமிழ்” என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் நிரல் 5 என்று சொல்லும். நமக்கு அது 3 எழுத்து. மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் வருவது. என் சொல் விளையாட்டில் கட்டங்கள் முதலில் 5 வந்தன, ஒரு கட்டத்தில் புள்ளி மட்டும் தனியாகத் தொங்கியது. எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும்படி செய்தாலும் இதே சிக்கல்தான். “கோ” வரும்போது முதலில் “க” தோன்றி, அப்புறம் உடைந்து, அப்புறம் சேரும். படிக்கிறவர் கண்ணுக்கு அது உறுத்தும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது, கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் தடை இல்லை. பட்டன்களை அகலமாக வை. படத்துக்குள் எழுத்தை வரைந்துவிடாதே, பின்னால் இன்னொரு மொழி சேர்க்க முடியாமல் போகும்.

தமிழ் விஷயம் வெளியே யாருக்குப் புரியும் என்ற தயக்கம் இருந்தால் அதை விட்டுவிடு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தையும் அதன் சமையலையும் வைத்து டொரான்டோவில் செய்த வெண்பா என்ற கேம் 2023-இல் வந்தது. அடுத்த வருடமே சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது. இட்லி வேகவைப்பதை உலகமே விரலால் செய்து பார்த்தது.

தென்பெண்ணை | திங்கள் இரவு 9:30

சத்தத்துக்கு ஒரு வார்த்தை. ஆடுபுலிக்குக் காசு கொடுத்துச் சத்தம் வாங்காதே. வீட்டில் புளியங்கொட்டை இருக்கும், பலகைக் கல் இருக்கும். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் போனை வைத்து, கொட்டையைக் கல்லில் வைக்கும் சத்தத்தைப் பத்து முறை பதிவு செய். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நல்லதாக நாலைந்து எடு. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் காது சலிக்கும், நாலைந்தை மாற்றி மாற்றி ஒலிக்க விட்டால் உண்மையான கல்லில் ஆடுவது போலவே இருக்கும்.

நெடுஞ்சாலை44 | செவ்வாய் காலை 6:40

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். விடாதே.

கிருஷ்ணகிரியில் கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே ஒரு கேம் செய்து, கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் விற்கிறேன். 14 மாத மாலைகள் ஆயின. முதல் வருடம் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 61,000 ரூபாய். எனக்கு அது பெரிய சந்தோஷம், ஏனென்றால் வீட்டு வாடகை அதை நம்பி இல்லை. நம்பி இருந்திருந்தால் ஏழாவது மாதமே அவசரப்பட்டு அரைகுறையாக வெளியிட்டிருப்பேன்.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைத் தனி ஒருவராகச் செய்தவர் எரிக் பரோன். நாலு வருடத்துக்கு மேல் ஆனது, 2016-இல் வெளியிட்டார். அந்த நாள்களில் ஒரு தியேட்டரில் வருபவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார், துணைவியும் சம்பாதித்தார். அவருக்கு வந்த பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அந்த இருக்கை காட்டும் வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பணக் கணக்கு இதுதான். ஸ்டீமில் ஒரு கேம் போட 100 டாலர் கட்ட வேண்டும், 1,000 டாலருக்கு விற்ற பிறகு அதைத் திருப்பித் தருவார்கள். விற்பதில் 30 சதவீதம் அவர்களுக்கு. பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், “விரைவில்” என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். இரண்டு வாரம் போதவே போதாது. நான் ஐந்து மாதம் வைத்திருந்தேன், இன்னும் முன்பே வைத்திருக்கலாம் என்று இப்போது வருந்துகிறேன். அந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் உன் கேமைத் தங்கள் விஷ்லிஸ்ட்டில் (பின்னால் வாங்க நினைக்கும் பட்டியலில்) சேர்ப்பார்கள், வெளியாகும் அன்று அவர்களுக்குத்தான் மின்னஞ்சல் போகும். வாங்கியவர் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் தெரிந்துகொள்.

அமெரிக்க வரிப் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அங்கே விற்றதற்குப் பிடிக்கும் வரி 30-லிருந்து 15 சதவீதமாகக் குறையும். வெளிநாட்டிலிருந்து பணம் வர, வங்கிக் கிளையில் ஸ்விஃப்ட் குறியீடு கேட்டு வாங்கிக்கொள். எங்கள் கிளையில் அந்தச் சொல்லை விளக்கவே அரை மணி நேரம் ஆனது, பொறுமையாக இரு.

உன் ஆடுபுலிக்கு ஸ்டீம் வேண்டாம். முதலில் இட்ச் டாட் ஐஓ என்ற தளத்தில் போடு. கட்டணமே இல்லை, தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீயே முடிவு செய்யலாம். அங்கே போட்டுப் பழகிவிட்டு பிளே ஸ்டோர். அதற்கு ஒரே முறை 25 டாலர்.

தகடூர்_தம்பி | செவ்வாய் இரவு 8:00

வேலையை விடவில்லை. இன்னொரு சங்கடம் இருக்கிறது. கேம் என்றாலே அப்பாவுக்கு ரம்மிதான். பக்கத்து ஊரில் ஒருவர் அதில் நிலத்தை விற்றார். நான் லேப்டாப்பைத் திறந்தாலே அப்பா முகம் மாறுகிறது.

மாவிலை | செவ்வாய் இரவு 8:25

அப்பாவின் பயம் நியாயமானது தம்பி, அதோடு சண்டை போடாதே. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டமே தடை செய்துவிட்டது, நீ செய்வது அது இல்லை என்று சொல். சொல்வதைவிட ஆடுபுலியை ஒருநாள் அவர் கையில் கொடுத்துவிடு.

ஓசூர்_இரவுப்பணி | செவ்வாய் இரவு 11:15

பெங்களூரு கேள்வி பாக்கி. குடிபோக வேண்டாம். ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரம், உனக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். கேம் செய்பவர்கள் கூடும் நாளில் போனைச் சார்ஜ் செய்துகொண்டு காலை பஸ் ஏறிப் போ, இரவு திரும்பி வா. முடிக்காத கேமைத் தூக்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் வருவார்கள்.

ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் நடக்கும், 2009 முதல் வருடா வருடம் நடக்கிறது. 48 மணி நேரத்தில் ஒரு கேம். மலையேறும் கேமான செலஸ்ட் 2018-இல் வந்தது, அதன் முதல் வடிவத்தை 2015-இல் இரண்டு பேர் நான்கே நாளில் செய்தார்கள். அந்த நான்கு நாளில் குதிப்பது கையில் நன்றாக உட்கார்ந்ததால்தான் மிச்ச வருடங்களைச் செலவழித்தார்கள். உன் அதியமானுக்கும் அப்படி ஒரு நாலு நாள் வேண்டும். குதிரை, வாள், மலை எல்லாம் இல்லாமல் எது ஒன்று மட்டும் இருந்தால் அது தகடூர் என்று விளையாடுகிறவனுக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடி.

தகடூர்_தம்பி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு பகல் 12:20

முடித்துவிட்டேன். ஆடுபுலி ஓடுகிறது. அரைகுறையாக இல்லை, தொடக்கத் திரையிலிருந்து “மறுபடி ஆடலாமா” வரை எல்லாம் இருக்கிறது.

பாட்டியிடம் கொடுத்து, பரிசல்துறை அண்ணா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டைத் தொட வேண்டும், அப்புறம் போக வேண்டிய புள்ளியைத் தொட வேண்டும் என்று செய்திருந்தேன். பாட்டி ஆட்டின்மேல் விரலை வைத்து அப்படியே இழுத்தாள். ஒன்றும் நகரவில்லை. மறுபடி இழுத்தாள். விரலை எச்சில் தொட்டு மறுபடி இழுத்தாள். நான் என் கையை என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கல்லில் ஆடும்போது காயைத் தூக்கித்தானே வைப்பார்கள், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். இழுத்து வைப்பதாக மாற்ற இரண்டு மாலை ஆனது. இப்போது தொட்டாலும் போகும், இழுத்தாலும் போகும்.

மாற்றிக் கொடுத்த பிறகு பாட்டி புலி பக்கம் ஆடினாள். நடுவில் “ஆடுகள் வென்றன” என்று வந்துவிட்டது. பாட்டி போனைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னும் தாண்டலாமே, ஏன் நிறுத்தினான்?” என்றாள். பார்த்தால் உண்மை. புலி அடைபட்டதா என்று பார்க்கும் இடத்தில் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் பார்த்திருந்தேன், தாண்டல் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. நாற்பது முறை ஆடியும் என் கண்ணில் படாதது பாட்டிக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே பட்டது.

அப்பா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு வந்து, “அந்தப் புலியாட்டத்தைக் காட்டு” என்றார். இரண்டு ஆட்டம் தோற்றார். மூன்றாவதில் தன் 15 ஆட்டில் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு மூன்று புலியையும் ஒரு மூலையில் கட்டினார். புளியங்கொட்டைச் சத்தத்தைக் கேட்டு, “இது நம்ம வீட்டுக் கல்லா?” என்று கேட்டார்.

இப்போது ஓர் உதவி வேண்டும். இட்சில் போட்டாயிற்று. பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் கேமை வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டுமாம். முன்பு 20 பேர் என்று இருந்ததாம், 2024 டிசம்பரில்தான் குறைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் மூன்று பேர். தொழிற்சாலையில் இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். இன்னும் 7 பேர் வேண்டும்.

பரிசல்துறை | ஞாயிறு பகல் 12:41

என்னைச் சேர். மாமாவையும் சேர், அவருக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு இன்றைக்கே தொடங்கிக் கொடுக்கிறேன்.

எழுத்தாணி | ஞாயிறு பகல் 1:02

நானும். “ஆடுகள் வென்றன” திரையை ஒரு படம் எடுத்து அனுப்பு, எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

தென்பெண்ணை | ஞாயிறு பகல் 1:15

நாலாவது ஆள். சத்தத்தை இயர்போன் இல்லாமல், போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

மாவிலை | ஞாயிறு பகல் 2:30

நானும் என் தங்கையும். புலி இன்னும் சிவப்பு வட்டம்தானா? 14 நாள் முடிவதற்குள் மூன்று புலியும் ஓர் ஆடும் வரைந்து அனுப்புகிறேன். முன்பணம் 500 ரூபாய், நாலு வரியில் எழுதிக்கொள்வோம்.

ஓசூர்_இரவுப்பணி | ஞாயிறு இரவு 10:05

ஏழாவது நான். முதல் ஆட்டம் ஆடிவிட்டேன் தம்பி. கணினிப் புலி என்னிடம் ஐந்து ஆடு வெட்டியது. 15 ஆட்டையும் வைத்து முடிக்கும் முன்பே ஆட்டை நகர்த்த விட்டிருக்கிறாய், உங்கள் ஊரில் அப்படியா ஆடுவார்கள்? எங்கள் பக்கம் எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் நகர்த்தலாம்.

தகடூர்_தம்பி | ஞாயிறு இரவு 10:20

இல்லை அண்ணா, எங்கள் ஊரிலும் அப்படித்தான். இழுத்து வைப்பதாக மாற்றியபோது அந்தத் தடை விட்டுப்போயிருக்கிறது. இதோ திறந்துவிட்டேன், இன்று இரவே சரிசெய்து புது பில்டு (திருத்திய கேம் கோப்பு) ஏற்றுகிறேன்.